பாடல் நூலகம் காணாமல் போகும் நாளில் டிஜே மென்பொருள்கள்: காரைக்குடியிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

டிஜே மென்பொருள்களை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒலித்தரத்தையும் எஃபெக்டுகளையும், எந்தக் கன்ட்ரோலரோடு எது ஒத்துப்போகிறது என்பதையும் பற்றியே எழுதுகிறார்கள். அவையெல்லாம் தேவைதான். ஆனால் நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் பாடல் பட்டியல் முழுவதும் திறக்க மறுத்தால் அந்த மென்பொருள் நமக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதை வைத்தே நான் அதை அளக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பகுதிகளில் கோயில் திருவிழாக்களுக்கும், வளவு வீடுகள் எனப்படும் பெரிய செட்டிநாட்டு வீடுகளில் நடக்கும் திருமணங்களுக்கும், அறுபதாம் ஆண்டுச் சாந்திகளுக்கும் பல ஆண்டுகளாக ஒலியமைப்பு செய்துவருகிறேன். என் மடிக்கணினியில் இருப்பது மிக்ஸ், அதாவது பெயரில் மூன்று எக்ஸ் எழுத்துகளைக் கொண்ட கட்டற்ற மென்பொருள். செராட்டோ, ரெக்கார்ட்பாக்ஸ், டிராக்டர் ஆகிய பிற டிஜே மென்பொருள்களைப் பயன்படுத்தும் தொழில் நண்பர்கள் சிக்கல் வரும்போது தங்கள் கணினிகளை என்னிடம் கொண்டுவருவதால், அவற்றோடும் நெடுநாள் பழக்கம் உண்டு. தொலைந்துவிட்டதாக என்னிடம் வந்த நூலகங்களில் பெரும்பாலானவை உண்மையில் தொலைந்திருக்கவில்லை. உண்மையான இழப்பு பெரும்பாலும் பதற்றத்தில் செய்த பழுதுபார்ப்பினால்தான் நேர்ந்திருக்கிறது.

நூலகம் என்று நாம் சொல்வது இரண்டு வேறு பொருள்களைச் சேர்த்துத்தான். வட்டில் கிடக்கும் பாடல் கோப்புகள் ஒன்று. அந்தப் பாடல்களைப் பற்றி நாம் சேர்த்துவைத்த அறிவு மற்றொன்று: எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்ற கியூ குறிகள், தாள அடிகள் விழும் இடங்களைக் காட்டும் தாளக் கட்டம், திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டிய பகுதிகளான லூப்புகள், நட்சத்திர மதிப்பீடு, சாந்திக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று, அம்மன் திருவிழாவுக்கு ஒன்று எனப் பிரித்த தொகுப்புகள். தாலி கட்டும் திருப்பூட்டுதல் முடிந்து கெட்டிமேளம் ஓய்ந்த மறு நொடியில் ஒரு பாடலின் பல்லவி, முன்னிசை இல்லாமல் நேராக எழ வேண்டும் என்றால், அந்த இடத்தை யாரோ ஒருவர் முன்கூட்டியே கேட்டுக் குறித்துவைத்திருக்க வேண்டும். திரைப்பாடலை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். இந்தக் குறிகளைக் கடையில் வாங்க முடியாது. செட்டிநாட்டில் இன்னொரு வகைச் சேகரிப்பும் உண்டு. ஆச்சிமார் பாடிய நலுங்குப் பாடல்களையும் தாலாட்டுகளையும் ஒலிநாடாவில் பதிந்துவைத்திருக்கும் குடும்பங்கள், அவற்றைக் கணினிக்கு மாற்றித் தந்து திருமணத்தன்று ஒலிக்கச் சொல்கின்றன. அங்கே கோப்பே ஈடில்லாதது.

நான் மிக அடிக்கடி பார்க்கும் சிக்கல் முகவரி மாற்றம். விண்டோஸ் கணினியில் வெளிவட்டைச் செருகும்போது அதற்கு ஈ அல்லது எஃப் என ஒரு எழுத்து கிடைக்கிறது. வாடிக்கையாளர் கொடுத்த பென் டிரைவ் முன்பே செருகப்பட்டிருந்தால் அந்த எழுத்து அதற்குப் போய்விடக்கூடும். நம் வட்டுக்கு அடுத்த எழுத்து வரும். மென்பொருளின் தரவுத்தளத்தில் பழைய எழுத்தோடு கூடிய பாதை எழுதப்பட்டிருப்பதால், அது பாடலைத் தேடிப்போய் வெறுங்கையோடு திரும்புகிறது. கதவிலக்கம் மாற்றப்பட்ட வீட்டுக்குப் பழைய இலக்கத்தோடு வந்த கடிதம் போன்றது இது: வீடும் அங்கேயே இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். "அண்ணே, பாட்டு ஒண்ணையும் காணோம்ணே" என்று தம்பிமார் தொலைபேசியில் சொல்லும்போது, மென்பொருளை மூடிவிட்டு டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து வட்டின் எழுத்தைப் பார்க்கச் சொல்வதே என் முதல் வேலை. பழைய எழுத்தை அங்கேயே திரும்பக் கொடுத்துவிட்டால் நூலகம் முழுவதும் ஒரே நொடியில் எழுந்துவிடும். பாடல் வட்டுக்கு எழுத்து வரிசையின் பின்பகுதியிலிருந்து, எம் (M) அல்லது பி (P) போன்ற ஒன்றைக் கையால் கொடுத்துவைத்தால், புதிதாகச் செருகப்படும் பென் டிரைவ்கள் அதைப் பறிப்பது அரிது.

பாடல்களை உண்மையிலேயே வேறு கோப்புறைக்கு மாற்றியிருந்தால், மிக்ஸின் விருப்பங்களில் நூலகப் பகுதியில் உள்ள ரீலிங்க் பொத்தான்தான் சரியான வழி. பழைய கோப்புறைக்குப் புதிய இடத்தை அது இணைத்துக்கொள்வதால் கியூ, தாளக் கட்டம், தொகுப்புகள் யாவும் அப்படியே தொடர்கின்றன. நூலகத்தை மீண்டும் ஸ்கேன் செய்யும்போதும், கோப்பின் பெயரும் பாடலின் நீளமும் பொருந்தினால் இடம் மாறிய பாடலை மிக்ஸ் தானே கண்டுகொள்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த வசதி. ஆனால் இடத்தை மாற்றும்போதே பெயரையும் மாற்றினால் அந்த அடையாளம் அறுந்துவிடும்; ஆகவே இரண்டையும் ஒரே நாளில் செய்யக் கூடாது. காணாமல் போன பாடல்களின் பட்டியலில் பர்ஜ் என்றொரு பொத்தான் இருக்கிறது. பட்டியல் சுத்தமாகட்டும் என்று பலர் அதைத் தொடுகிறார்கள். அது வட்டிலுள்ள பாடலை அழிப்பதில்லை, ஆனால் பாடலைப் பற்றித் தரவுத்தளத்தில் உள்ள அனைத்தையும் நீக்கிவிடுகிறது. வட்டு சரியாகி, பாடல் திரும்ப வந்தாலும் கியூ வராது. கோப்புறையை நூலகத்திலிருந்து நீக்கும்போது வரும் கேள்விக்கும், பாடல்களை மாற்றமின்றி விட்டுவிடும்படி சொல்லும் விடையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. ஒருங்குறியில் (யூனிகோடில்) 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகர உயிர்க்குறி என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு முறை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொரு முறை. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இப்படியே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவத்தில் சேமித்தது. அங்கிருந்து ஜிப் செய்து அனுப்பினால் அந்தப் பிரிந்த வடிவம் அப்படியே விண்டோஸுக்கு வந்துசேரும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டமைப்பு எதையும் மாற்றாமல் வைத்துக்கொள்வதால், ஒரே கோப்புறையில் 'கொப்புடையம்மன்' என்று முற்றிலும் ஒரே பெயராகத் தோன்றும் இரண்டு கோப்புகள் நிற்க முடியும். தரவுத்தளம் ஒரு வடிவத்தையும் வட்டு மற்றொரு வடிவத்தையும் வைத்திருந்தால், பாடல் கண்முன்னே இருக்க, மென்பொருள் இல்லை என்று சொல்லும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ உள்ள உறவினர் ஆப்பிள் கணினியிலிருந்து அனுப்பிய பாடல்களில் இந்தக் குழப்பத்தைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அதனால் கோப்பின் பெயரை எண்களாலும் ரோமன் எழுத்துகளாலும் அமைத்து, தமிழ்ப் பெயரைக் கோப்புக்குள்ளிருக்கும் தலைப்புக் குறிப்பில் மட்டும் எழுதுகிறேன். தேடும்போது மென்பொருள் காட்டுவது அந்தத் தலைப்பைத்தான் என்பதால் தமிழில் தேடும் வசதி குறைவதில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தலைப்புகள் ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரிவதும் சிதைவு அன்று. எழுத்துரு மாற்றியில் இட்டால் திரும்பிவிடும்.

இந்த வகையில் ஒவ்வொரு மென்பொருளும் தன் அறிவை எங்கே வைக்கிறது என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. செராட்டோ கியூ குறிகளையும் தாளக் கட்டத்தையும் பாடல் கோப்பின் குறிச்சொற்களிலேயே எழுதிவிடுகிறது. தொகுப்புகளை மட்டும் தன் பெயரிலுள்ள கோப்புறையில், அதுவும் ஒவ்வொரு வட்டிலும் தனித்தனியாக, வைத்துக்கொள்கிறது. எனவே வெளிவட்டை முழுதாக வேறு கணினிக்கு எடுத்துச்சென்றால் தொகுப்புகளும் உடன் செல்கின்றன. இழப்பைத் தாங்கும் அமைப்பு என்ற அளவில் இதற்கே முதலிடம் கொடுப்பேன். டிராக்டர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதுகிறது. அதன் முந்தைய பிரதிகளைத் தானாகவே பேக்கப் கோப்புறையில் சேர்த்துவைக்கிறது. எழுத்துக் கோப்பு என்பதால் பாதை மாறியிருந்தால் சாதாரண எடிட்டரில் ஒரே ஆணையில் திருத்திவிடலாம். 2020இல் வந்த ரெக்கார்ட்பாக்ஸ் 6 முதல் அதன் தரவுத்தளம் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், வெளிக்கருவிகளால் எளிதில் திறந்து பார்க்க முடியாது. ஆனால் நூலகத்தைக் காப்பு எடுக்கவும் மீட்கவும் மெனுவிலேயே வழி இருக்கிறது. எக்ஸ்எம்எல்லாக ஏற்றுமதியும் செய்யலாம். அதைப் பயன்படுத்துவோர் இந்த இரண்டையும் மாதமொருமுறை செய்தே ஆக வேண்டும். மிக்ஸ் தன் அறிவு முழுவதையும் ஒரே எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் வைக்கிறது. அதைக் காப்பாற்றினால் எல்லாம் இருக்கும், இழந்தால் எல்லாம் போகும். விண்டோஸில் அது பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா பகுதியில் இருப்பதால், பல ஆண்டு பயன்படுத்தியவர்கள்கூட அதைப் பார்த்ததில்லை.

இந்த மறைவிடத்தால் நேரும் இழப்பு மிகக் கொடியது. கணினி மெதுவாகிறது என்று பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தால், சி பகுதியை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுக்கிறார்கள். பாடல்கள் டி பகுதியில் இருப்பதால் அவை தப்பிவிடும்; நூலக அறிவு சி பகுதியோடு போய்விடும். தேவகோட்டை நண்பர் ஒருவருக்கு இப்படி நேர்ந்தபோது, கடைக்காரர் முழுதாக ஃபார்மட் செய்யாமல் மேலேயே நிறுவியிருந்ததால் சி பகுதியில் விண்டோஸ் ஓல்டு என்ற கோப்புறை எஞ்சியிருந்தது. அதற்குள் பழைய பயனர் கோப்புறையும் அதன் உள்ளே தரவுத்தளமும் நலமாக இருந்தன. அந்தக் கோப்புறை பொதுவாகப் பத்து நாள்களுக்குப் பின் தானாக நீக்கப்பட்டுவிடும் என்பதால், கணினி திரும்பி வந்த அன்றே பார்க்க வேண்டும்.

அடுத்தது உண்மையான சிதைவு. பழைய வளவு வீடுகளில் மின்சாரம் நின்று ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடிகள் மடிக்கணினியின் பேட்டரி நன்றாக இருந்தால் ஒன்றும் செய்யாது. பேட்டரி செத்துப்போன கணினியும், தனி அடாப்டரில் ஓடும் பெரிய வெளிவட்டும் அந்த நொடியில் அணைந்துவிடும். எஸ்கியூலைட் இத்தகைய திடீர் நிறுத்தத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதே. எழுதிக்கொண்டிருக்கும்போது பழைய நிலையைப் பக்கத்திலேயே ஒரு ஜர்னல் கோப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை திறக்கும்போது அதைப் பார்த்துப் பின்வாங்கிச் சரிசெய்துகொள்கிறது. தரவுத்தளத்துக்கு அருகில் அதே பெயரோடு ஜர்னல் என்ற ஒட்டுடன் ஒரு கோப்பைக் கண்டால், தேவையற்றது என்று அழிப்பதும், தரவுத்தளத்தை மட்டும் நகலெடுத்து அதை விட்டுவிடுவதும் சிதைவை நாமே உண்டாக்கும் செயல்கள். கோப்புறையை முழுதாக நகலெடுக்க வேண்டும். அதையும் மென்பொருளை மூடிய பிறகே செய்ய வேண்டும். எழுதி முடித்தேன் என்று பொய் சொல்லும் மலிவான பென் டிரைவ்களில் தரவுத்தளத்தை வைப்பது, எஸ்கியூலைட்டின் இந்தப் பாதுகாப்பை முழுவதும் வீணாக்கிவிடும்.

தரவுத்தளம் கெட்டுவிட்டதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. நகலை எஸ்கியூலைட்டின் கட்டளைக் கருவியில் திறந்து, இன்டெக்ரிட்டி செக் என்ற சோதனை ஆணையைக் கொடுத்தால், நலமாக இருந்தால் ஓகே என்ற ஒற்றைச் சொல் வரும். இல்லையேல் எந்தப் பகுதி உடைந்தது என்ற விவரம் வரும். 2019இல் வெளிவந்த 3.29 பதிப்பு முதல் அந்தக் கருவியில் ரிக்கவர் என்ற ஆணையும் இருக்கிறது. உடைந்த கோப்பிலிருந்து எடுக்க முடிந்த வரிகளையெல்லாம் எடுத்து, புதிய தரவுத்தளத்தில் ஊற்றித் தருகிறது. சிதைந்த நூலகங்களில் இதனால் தொகுப்புகளும் கியூ குறிகளும் பெரும்பாலும் திரும்பியிருக்கின்றன. அலைவடிவப் படங்கள் வராவிட்டாலும் கவலையில்லை, மென்பொருள் அவற்றை மீண்டும் கணித்துக்கொள்ளும். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் மட்டுமே வேலை செய்வதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

வட்டே நோயுற்றிருந்தால் வரிசை மாறும். பாடல் பாதியில் திக்கினால், கோப்புறை திறக்க நெடுநேரம் எடுத்தால், வட்டிலிருந்து சொடுக்கொலி கேட்டால், செக்டிஸ்கை ஓட்டக் கூடாது. அது கோப்பமைப்பை ஒழுங்காக்கும் கருவி. இறந்துகொண்டிருக்கும் வட்டை மேலும் உழைக்க வைப்பதோடு, உரிமையற்ற துண்டுகளை வேறு பெயரில் தனிக் கோப்புறையில் தள்ளிவிடும். முதலில் லினக்ஸில் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் வட்டை முழுதாக மற்றொன்றுக்குப் பிரதி எடுக்க வேண்டும். அது நலமான பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பின்னர் திரும்பி வருகிறது.

ஒலிநாடாவிலிருந்து மாற்றிய நலுங்குப் பதிவுகளை நான் எம்பி3ஆக மட்டும் வைப்பதில்லை. வேவ் கோப்புகளின் குறிச்சொற்களை எல்லா மென்பொருளும் ஒரே விதமாகப் படிப்பதில்லை என்பதால் அதையும் தவிர்த்து, ஃபிளாக் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். தரம் குறையாதது என்பதோடு, ஒலித்தரவின் எம்டி5 என்ற சரிபார்ப்புக் கைரேகையை அது தனக்குள்ளேயே சுமக்கிறது. ஃபிளாக்கின் சோதனை ஆணையை ஓட்டினால், ஒரு துளி மாறியிருந்தாலும் எந்தக் கோப்பு கெட்டது என்று சொல்லிவிடும். தை மாதத் திருமணங்கள் தொடங்கும் முன்பும், பங்குனித் திருவிழாக்கள் முடிந்த பின்பும் முழுச் சேகரிப்பையும் இப்படிச் சோதித்து, நலமானவற்றை மட்டுமே காப்பு வட்டின் மீது எழுதுகிறேன். சோதிக்காமல் எழுதினால் கெட்ட பிரதி நல்ல பிரதியை மூடிவிடும். காப்பு வட்டு இரண்டு. ஒன்று கடையிலும் மற்றது வீட்டிலும் இருக்கின்றன. மிக்ஸின் அமைப்புக் கோப்புறையும் ஒவ்வொரு முறையும் தேதியிட்ட பெயரோடு இரண்டிலும் ஏறுகிறது. மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவும் முன்பும் இதே நகலை எடுக்கிறேன், ஏனெனில் புதிய பதிப்பு தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றிவிட்டால், பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டிய நிலையில் அந்த நகல் ஒன்றே கைகொடுக்கும்.