345 மதிப்பெண்ணும் 1,07,500 ரூபாயும்: நர்சிங் சேர்க்கையில் நாங்கள் ஏமாந்த விதம்

2023 மே 8 அன்று பிளஸ் டூ தேர்வு முடிவு வந்தபோது என் மகள் 600-க்கு 345 மதிப்பெண் பெற்றிருந்தாள். இயற்பியலில் 47, வேதியியலில் 52, உயிரியலில் 61, ஆங்கிலத்தில் 66. இந்த நான்கு எண்களையும் காரணத்தோடுதான் குறிப்பிடுகிறேன். அன்று இரவே இவற்றைக் கூட்டி வகுத்து, எந்தப் படிப்புக்கு எவ்வளவு சதவீதம் வேண்டும் என்று நானே தேடிப் பார்த்திருந்தால் 1,07,500 ரூபாய் கையை விட்டுப் போயிருக்காது, என் மகளின் ஓராண்டும் வீணாகியிருக்காது. இதில் கூடுதல் வெட்கம் என்னவென்றால், நான் 19 ஆண்டுகளாகத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்ப்பவன். கூட்டுவதும் வகுப்பதும், பிறர் கொண்டுவரும் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து இது செல்லும், இது செல்லாது என்று சொல்வதும்தான் என் பிழைப்பு.

அவள் எட்டாம் வகுப்பிலிருந்தே நர்சிங்தான் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். முடிவு வந்த அன்று சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் மதிப்பெண் பட்டியலைப் பதிவிறக்கம் செய்யப் போன பிரவுசிங் சென்டரில், அங்கிருந்தவர் பட்டியலை என்னிடம் கொடுப்பதற்கு முன்பே ஒரு விசிட்டிங் கார்டை நீட்டி, "மார்க் கம்மியா இருந்தா இவரப் போய்ப் பாருங்க சார், எப்படியாவது முடிச்சுத் தருவாரு" என்றார். அந்த அட்டைக்கு ஒரு தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் போகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அட்டையில் இருந்த முகவரி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மொபைல் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நபர் மதிப்பெண் பட்டியலை வாங்கி, கால்குலேட்டரில் தட்டி, பெருமூச்சு விட்டார். "கட்-ஆஃப் இருநூத்துக்கு நூத்திப் பத்தரை வருது சார். நூத்தி எழுபது எடுத்த பிள்ளைங்களே அழுதுட்டு நிக்குது. இந்த மார்க்குக்குக் கவர்ன்மென்ட் கவுன்சிலிங்ல அப்ளிகேஷன் போடுறதே வேஸ்ட்" என்றார். என் மகள் பக்கத்தில்தான் நின்றாள். அவள் தலை குனிந்ததும் அவர் குரலை மாற்றிக்கொண்டு, தமக்கு வேண்டிய ஒரு கல்லூரியில் "ஸ்பெஷல் கோட்டா"வில் நான்கு இடங்கள் மட்டும் இருப்பதாகவும், நீட் தேவையில்லை என்றும், இன்றே 25,000 ரூபாய் கட்டினால் ஒன்றை நிறுத்திவைக்கலாம் என்றும் சொன்னார்.

அவர் சொன்னதில் அரை உண்மை ஒன்று இருந்தது. அரசு செவிலியர் கல்லூரிகளில் இடம் கிடைக்க என் மகளின் மதிப்பெண் போதாது. ஆனால் அவர் சொல்லாமல் விட்டதுதான் எங்களுக்கு வேண்டிய செய்தி. இந்திய செவிலியர் கவுன்சிலின் விதிப்படி, பி.எஸ்ஸி. நர்சிங் படிப்புக்கு, பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் தேறி, இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 45 சதவீதம் எடுத்திருந்தால் விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதம் போதும். என் மகள் அந்த மூன்று பாடங்களில் 300-க்கு 160, அதாவது 53 சதவீதத்துக்கு மேல். ஆங்கிலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 400-க்கு 226, 56.5 சதவீதம் வருகிறது. மூன்றாண்டு ஜி.என்.எம். (பொது செவிலியமும் மகப்பேறு உதவியும்) பட்டயப் படிப்புக்கோ 40 சதவீதமே போதும். அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை உண்டே தவிர, கலைப் பிரிவில் படித்தவர்களும் சேரலாம். தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இருக்கின்றன. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் தேர்வுக் குழுதான் கலந்தாய்வு நடத்தி அவற்றை நிரப்புகிறது. "நீட் தேவையில்லை" என்று அவர் ஏதோ சலுகை போலச் சொன்னாரே, தமிழ்நாட்டில் அந்தக் கலந்தாய்வு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நடக்கிறது. எல்லோருக்கும் பொதுவான ஒன்றைத் தன் கடைச் சரக்கு போல விற்றிருக்கிறார். தகுதியுள்ள பிள்ளையைத் தகுதியில்லாதவள் என்று நம்பவைத்ததுதான் அவருடைய முதல் வேலை. பணம் பறித்தது அதற்குப் பிறகுதான்.

இந்த வியாபாரம் மே மாதத்தில் சூடு பிடிப்பதற்கும் காரணம் இருக்கிறது. தேர்வு முடிவு வந்த பிறகு அரசு அறிவிப்பு, விண்ணப்பம், தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை இன்ஜினீயரிங் சேர்ந்துவிட்டது, எதிர் வீட்டுப் பிள்ளை கலைக் கல்லூரிக்கே போகத் தொடங்கிவிட்டது என்ற நிலையில், வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணைப் பார்க்கும் உறவினர்கள் கேட்கும் கேள்விகளுக்கு எந்தத் தகப்பனும் பதில் சொல்ல முடியாமல் திணறுவான். அந்த இடைவெளியில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

என் மனைவியின் இரண்டரைச் சவரன் சங்கிலியை அடகு வைத்தேன், அதுவும் நான் வேலை பார்க்கும் சங்கத்திலேயே. முன்பணம் 25,000 ரூபாய்க்கு ரசீது கேட்டதற்கு, விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசல்களை "வெரிஃபிகேஷனுக்கு" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். இதில் மிகப் பெரிய தவறு மாற்றுச் சான்றிதழைக் கொடுத்ததுதான்.

ஜூன் மாதம் கல்லூரியைப் பார்க்கப் போனோம். எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து இரண்டு மாவட்டம் தள்ளி, நெடுஞ்சாலையோரம், திருமண மண்டபமாக இருந்து மாற்றப்பட்ட கட்டடம். வரவேற்பறைச் சுவரில் மூன்று சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. பெயர்ப் பலகையில் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று இருந்தது. முதல் சான்றிதழ் ஐ.எஸ்.ஓ. 9001, இரண்டாவது அறக்கட்டளைப் பதிவு, மூன்றாவது உத்யம் பதிவு. உத்யம் என்பது சிறு தொழில் செய்பவர்கள் தங்கள் விவரங்களை இணையத்தில் தாங்களே பதிந்து பெறும் சான்றிதழ். கடன் கேட்டு வரும் மாவு மில்காரரும் தையல் கடைக்காரரும் அதே தாளைத்தான் என் மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். அதைச் சுவரில் பார்த்தபோது என் கண் அதில் நின்றது, ஆனால் புத்தி வேலை செய்யவில்லை. மூன்றில் ஒன்றிலும் "நர்சிங்" என்ற சொல்லே இல்லை.

பி.எஸ்ஸி. என்று சொன்ன பேச்சும் அங்கே மாறியது. முதல் வருடம் "டிப்ளமோ இன் நர்சிங்" என்று சேர வேண்டுமாம், அடுத்த வருடம் அப்படியே பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டுக்கு மாற்றிவிடுவார்களாம். நர்சிங்கில் அப்படி ஒரு வழியே கிடையாது. ஜி.என்.எம். முழுவதையும் முடித்து, மாநில செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்த பிறகு, இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படிக்கலாம். பட்டயத்திலிருந்து பட்டத்துக்குச் செல்லும் முறையான பாதை அதுதான். பொறியியலில் டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்வதைக் கேள்விப்பட்டிருந்ததால் நான் இதையும் நம்பினேன்.

அன்று 60,000 ரூபாய் கட்டினேன். கொடுத்த ரசீதில் கல்லூரியின் பெயர் இல்லை. அறக்கட்டளையின் பெயர் இருந்தது. "விவரம்" என்ற இடத்தில் கல்விக் கட்டணம் என்று எழுதாமல் "நன்கொடை" என்று எழுதியிருந்தார்கள். ரசீது எண் 14. விடுதிக்கு முதல் தவணையாக அதே நாளில் 9,000, சீருடைக்கும் பைக்கும் 4,500. இரண்டுக்கும் ரசீதே இல்லை. செப்டம்பரில் விடுதிக்கு இரண்டாம் தவணை 9,000 கட்டியபோது கேட்டு வாங்கிய ரசீதின் எண் 17. இருநூற்று நாற்பது மாணவிகள் படிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இடத்தில், மூன்று மாதத்தில் இரண்டே இரண்டு ரசீதுகள்தான் இடையில் கிழிக்கப்பட்டிருக்கின்றன. அதை நான் பேருந்தில் உட்கார்ந்து கவனித்தேன். கவனித்தும், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏமாந்துவிட்டோம் என்று ஒத்துக்கொள்ள மனம் அவ்வளவு எளிதில் சம்மதிப்பதில்லை.

என் மகள் என்ன படித்தாள் என்று கேட்டால், பெரும்பாலும் நோட்டில் பார்த்து எழுதினாள். செயல்முறை வகுப்புக்கு ஒரு பொம்மை இருந்தது, அதற்கு இடது கை கிடையாது. ஊசி போடப் பழகுவதெல்லாம் வலது கையில்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆகஸ்ட் முதல் "கிளினிக்கல் போஸ்டிங்" என்று பத்துப் படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நர்சிங் கல்லூரி என்றால் நூறு படுக்கையுள்ள தாய் மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் நியதி. இங்கே அந்தப் பிள்ளைகள் சம்பளமில்லாமல் இரவுப் பணி பார்த்து, தரை துடைத்து, ரத்தம் பட்ட துணிகளை அலசியிருக்கிறார்கள். வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, நோயாளிக்குத் துணி மாற்றுவது நர்சிங்கின் ஒரு பகுதிதான். அதைக் கற்றுக்கொடுக்க ஒரு பதிவு பெற்ற செவிலியர்கூட அருகில் இல்லை என்பதே என் குற்றச்சாட்டு.

டிசம்பரில் என் தாயாரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். விடுமுறைக்கு வந்த மகள் ஆயாவுக்குத் துணையாக இருந்தாள். தானும் நர்சிங் படிப்பதாக அவள் சொன்னதும், பணியிலிருந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் ஆவலோடு கல்லூரிப் பெயரைக் கேட்டார். பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. கைபேசியை எடுத்து இந்திய செவிலியர் கவுன்சிலின் இணையதளத்தில் தமிழ்நாட்டுப் பட்டியலைத் திறந்து, மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை தேடினார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, "அண்ணா, இந்தப் பேரு இதுல இல்ல. மூணு வருஷம் படிச்சாலும் கவுன்சில்ல பதிவு பண்ண முடியாது. பதிவு இல்லன்னா அவ நர்ஸே இல்ல" என்றார். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கேட்பதும் அந்தப் பதிவைத்தான், வளைகுடாவுக்குப் போவதற்குக் கேட்பதும் அந்தப் பதிவைத்தான் என்பதையும் அவரே விளக்கினார். பத்து நிமிடத்தில், நின்ற இடத்தில், ஒரு ரூபாய் செலவில்லாமல் அவர் செய்துகாட்டிய சரிபார்ப்பை நான் ஏழு மாதங்களாகச் செய்யவில்லை.

அந்தப் பட்டியல் ஒவ்வொரு கல்வியாண்டுக்கும், ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக இருக்கும் என்பதைக் கவனியுங்கள். ஜி.என்.எம். பட்டியலில் பெயர் இருக்கும் நிறுவனத்துக்கு பி.எஸ்ஸி. நடத்த அனுமதி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பி.எஸ்ஸி. என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிப் பட்டியலிலும் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் கேட்கலாம். இந்திய செவிலியர் கவுன்சிலுக்கான 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய செவிலியர் ஆணையத்துக்கான புதிய சட்டம் நிறைவேறியிருக்கிறது. "சட்டமே மாறிடுச்சு சார், பழைய லிஸ்டெல்லாம் இனி செல்லாது" என்று பின்னர் அந்த மாடி அறைக்காரர் என்னிடம் வாதிட்டதால் இதைச் சொல்கிறேன். சட்டத்தின் பெயர் மாறலாம். பதிவு இல்லாதவர் செவிலியராக முடியாது என்பது மாறவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் மாற்றுச் சான்றிதழைக் கேட்டபோது, மீதி இரண்டு வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பிள்ளைகளின் சான்றிதழ்களைக் கட்டணப் பாக்கிக்குப் பிணையாகப் பிடித்துவைக்கக் கல்லூரிகளுக்கு உரிமை கிடையாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருப்பதை அறிந்த வழக்கறிஞர் ஒருவர் புகார் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து, காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து மனு ரசீது பெற்றோம். அந்த ரசீதின் நகலைக் காட்டிய பிறகு, 2024 பிப்ரவரியில் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. பணத்தில் 40,000 மட்டும் திரும்பியது. "நன்கொடை" என்று எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை ஒவ்வொரு மேசையிலும் புரியவைத்தார்கள். மாடி அறைக்காரரிடம் போன 25,000 போனதுதான். அடுத்த மே மாதமும் அதே அறையில் அதே பெயர்ப் பலகையோடு அவர் உட்கார்ந்திருந்தார். படிக்கட்டில் என்னைப் போலவே இரண்டு தகப்பன்மார் நின்றிருந்தார்கள். அவர்களிடம் நின்று பேசினேன். ஒருவர் என்னோடு கீழே இறங்கி வந்தார், இன்னொருவர் மேலே போய்விட்டார்.

2024-இல் என் மகள் தேர்வுக் குழுவின் இணையதளத்தில் தானே விண்ணப்பித்தாள். மறுதேர்வு எதுவும் எழுதவில்லை. அதே 345, அதே நூற்றுப் பத்தரை. தரவரிசையில் மிகவும் பின்னால்தான் இருந்தாள். அரசுக் கல்லூரி இடங்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே தீர்ந்துவிட்டன. கலந்தாய்வின் கடைசிச் சுற்றில், வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் ஒன்று மீதம் இருந்தது. இரண்டு பட்டியல்களிலும் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள்.

சேரப் போன நாளில் நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்தவர் ரசீதை நீட்டியபோது, வாங்கிக்கொள்ள நான் கை நீட்டுவதற்கு முன்னால் அவள் வாங்கிக்கொண்டாள். கல்லூரியின் பெயர், பதிவு எண், தொகை, "கல்விக் கட்டணம்" என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் "சீக்கிரம்மா" என்றார்கள். அவள் ரசீது எண்ணையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.