பேட்டரி இல்லாத சோலார் போர்வெல் பம்ப்: மின்கம்பி போகாத வெப்ப மண்டல ஊர்களுக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும், கணக்கைச் சரியாகப் போட்டால். 50 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு நாளைக்கு 10,000 லிட்டர் ஏற்ற 1.36 யூனிட் போதும் என்று சூத்திரம் சொல்லும். ஆனால் மோட்டார், பம்ப், குழாய் இழப்பெல்லாம் போக மொத்தத் திறன் 40% தான் தேறும் என்றால் தேவை 3.4 யூனிட். ஒரு நாளில் 5 மணி நேர முழு வெயில் என்று வைத்தால் 680 வாட் பேனல். அதோடு நிறுத்தினால் ஏமாற்றம்தான். பேனல் 65 டிகிரிக்குச் சூடேறும்போது, 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4% வீதம் மின்சாரம் ஆறில் ஒரு பங்கு குறையும், தூசி வேறு. 1 கிலோவாட் போடுங்கள்.

மேகமூட்டத்தில் ஹெலிகல் ரோட்டர் பம்ப் (ரப்பர் உறைக்குள் திருகு போன்ற தண்டு சுழலும் வகை) மெதுவாகவாவது தண்ணீர் தரும். இறக்கைச் சக்கரம் சுழன்று நீரைத் தள்ளும் சென்ட்ரிஃபியூகல் பம்பில் வேகம் பாதியானால் ஏற்றும் உயரம் கால்பங்காகிவிடும். மோட்டார் சுற்றும், மேலே சொட்டு வராது. ஆனால் நீர் சூடாக இருந்தால் ஹெலிகலின் ரப்பர் உப்பி இறுகும். வாங்கும்போதே நீரின் வெப்பநிலையைச் சொல்லிவிட வேண்டும்.

பேட்டரி இல்லாதது குறையல்ல. ஈய அமில பேட்டரியின் ஆயுள் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும். அந்தப் பணத்தை நீரைச் சேமிக்கும் மேல்நிலைத் தொட்டிக்குப் போடலாம்.

பெரும்பாலும் பழுதாவது பம்ப் அல்ல, பேனல் மின்சாரத்தைப் பம்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கன்ட்ரோலர். கேபிள் நுழையும் ஓட்டை வழியாக எறும்பும் பல்லியும் புகுந்து போர்டைச் சுட்டுவிடும். அந்த ஓட்டையை அடைக்கும் கிளாண்டை இறுக்குங்கள், பெட்டியை நிழலில் மாட்டுங்கள். இடி அதிகமுள்ள இடத்தில் மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரும் நல்ல எர்த்தும் கட்டாயம். நீர் வற்றினால் பம்பை நிறுத்தும் டிரை ரன் சென்சாரும் கன்ட்ரோலரும் உதிரியாக ஒவ்வொன்று கையிருப்பில் இருக்கட்டும். மழையில் பாதை துண்டிக்கப்பட்டால் மெக்கானிக் வரமாட்டார்.