மாஸ்டா எம்எக்ஸ்-5: நானே மாற்றிய கூரையும், ஆள் வைத்து மாற்றிய கூரையும்

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, துணிக்கூரையை மடித்துத் திறக்கும் இரண்டு சீட் கார். 1989 முதல் 1997 வரை வந்த, முகப்பு விளக்குகள் மேலெழும்பும் மாடல். இங்கிலாந்தில் இருக்கிறேன், கராஜ் கிடையாது, மழையோ வெயிலோ வண்டி தெருவில்தான் நிற்கும். இதுவரை இரண்டு முறை துணிக்கூரையை மாற்றியாகிவிட்டது. முதல் முறை பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த வினைல் (பிளாஸ்டிக் பூசிய துணி) கூரையை நானே போட்டேன். அது சில வருடம் உழைத்த பிறகு, கண்ணாடி ஜன்னல் வைத்த மொஹேர் (நெய்த தடித்த துணி) கூரையை ஒரு ட்ரிம்மரிடம் (காரின் சீட், கூரைத் துணி வேலை செய்பவர்) கொடுத்துப் போட்டேன்.

விசாரிப்பவர்கள் எல்லோரும் துணியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் சொல்வது ரெயின் ரெயிலைப் பற்றி. துணியின் பின் ஓரத்துக்கு உட்புறமாக ஓடும் பிளாஸ்டிக் பட்டை அது. கூரையிலிருந்து வழியும் தண்ணீரைப் பிடித்து, சீட் பெல்ட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும் வடிகால் துளைகளுக்கு அனுப்புவது அதன் வேலை. வயதானால் மொறுமொறுவென்று ஆகி விரிசல் விடும். துளையில் சருகு அடைத்தாலும் கதை அதேதான்: தண்ணீர் கார்ப்பெட்டில் இறங்கும், கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதிக்குள் தேங்கும். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் சில் துருப்பிடிப்பது இந்த மாடலின் ஊரறிந்த வியாதி. வெல்டிங் என்று போய்விட்டால் கூரைச் செலவெல்லாம் ஒன்றுமே இல்லை. ஆகவே கூரை கழன்றிருக்கும் நேரத்தில் ரெயிலையும் புதிதாக மாற்றிவிட வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீரைத் துளையில் ஊற்றினால் வண்டிக்கு அடியில் உடனே கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால், புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பை விட்டு மெதுவாகக் குத்துங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், குழாயைக் கிழித்துவிடும்.

சரி, நானே செய்த கதை. கழற்றுவது உண்மையிலேயே சுலபம். சீட்டுக்குப் பின்னால் உள்ள கார்ப்பெட்டை எடுத்தால் மூன்று உலோகப் பட்டைகள் தெரியும், துணியின் பின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருப்பவை அவைதான். எல்லாம் 10 மில்லிமீட்டர் நட்டுகள். மூலையில் ஒளிந்திருக்கும் சில நட்டுகளுக்கு மட்டும் கை கண்டபடி வளைய வேண்டும். அப்புறம் பக்கத்துக்கு மூன்று போல்ட், இரண்டு பேர் பிடித்தால் கூரைச் சட்டம் முழுதாக வெளியே வந்துவிடும். ஜன்னல் மேல் ரப்பரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் துருவேறியிருக்கும், முந்தின இரவே எண்ணெய் அடித்து வையுங்கள்.

புதுத் துணியை ஏற்றுவதுதான் வேலை. ரிவெட்டுகளைத் துளைத்து எடுக்க வேண்டும், பக்கவாட்டுக் கேபிளைக் கோக்க வேண்டும், முன் ஓரத்துக்குப் பசை தடவ வேண்டும். இரண்டு பக்கமும் பசை பூசி, சற்றுக் காயவிட்டு ஒட்டினால் ஒட்டியதுதான், திரும்ப நகர்த்த முடியாது. நான் போட்ட கூரை ஒழுகவில்லை. ஆனால் இடது ஜன்னலுக்கு மேலே ஒரு சுருக்கம் கடைசி வரை போகவில்லை, மோட்டர்வேயில் அந்த மூலை விசிலடித்துக்கொண்டே வரும். சில குளிர்காலங்களில் ஜன்னல் மஞ்சளித்தது, மடிப்பு விழும் இடத்தில் வினைல் வெடித்தது. அது பொருளின் குணம், யார் போட்டிருந்தாலும் நடந்திருக்கும்.

ட்ரிம்மர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பின் ஓரத்தைப் பொருத்திய பிறகு, கூரையை முன் கண்ணாடியின் மேல் விளிம்போடு பிடிக்கும் கொக்கிகளை முழுக்கத் தளர்த்திக் கூரையை மூடினார். துணியை முன்னால் இழுத்து, விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டார். திறந்து, கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துக் கிளிப் மாட்டி, மறுபடி மூடிப் பார்த்தார். இதையே திரும்பத் திரும்பச் செய்து, திருப்தியான பிறகுதான் பசை டப்பாவைத் திறந்தார். அந்தக் 'கொஞ்சம் கூடுதல்' எவ்வளவு என்பது கைக்குத்தான் தெரியும், அதற்குத்தான் கூலி. துணி விலையில் பாதிக்கு மேல் ஆனது. கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

மொஹேர் வந்ததும் வண்டிக்குள் சத்தம் நன்றாகக் குறைந்தது. கண்ணாடி ஜன்னல் பழையதைவிடச் சிறியது, ரிவர்ஸ் எடுக்கும்போது முதலில் உறுத்தும், பழகிவிடும். முன்பு ஒவ்வொரு முறையும் ஜிப்பைத் திறந்து ஜன்னலைப் படுக்க வைத்துத்தான் கூரையை மடிக்க வேண்டும், அந்தத் தொல்லை போயிற்று. பாசி பிடிப்பதுதான் புதுத் தலைவலி. மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வருடத்துக்கு ஒரு முறை நீர் ஒட்டாத திரவம் பூசுகிறேன். பிரஷர் வாஷர் பக்கம் கொண்டுபோவதில்லை, ஈரத்தோடு மடித்து வைப்பதும் இல்லை.

என் கணக்கு இதுதான்: பழைய வண்டி, வினைல், உதவிக்கு ஒரு ஆள், கோடைகாலம் என்றால் நீங்களே போடலாம். வெயிலில் வைத்த துணி இளகிக் கொடுக்கும், குளிரில் கொக்கி மாட்டவே மல்லுக்கட்ட வேண்டும். மொஹேரும் கண்ணாடியும் என்றால் ஆளிடம் கொடுங்கள். மோட்டாரில் மடியும் கூரைகளைத் தொடவே வேண்டாம். ட்ரிம்மரிடம் விலை பேசும்போதே ரெயின் ரெயில் அதில் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள். பல கூரைகளுடன் அது வருவதில்லை, கேட்காவிட்டால் பழையதையே மாட்டிக் கொடுத்துவிடுவார்கள்.