முதல் மோட்டார்ஹோம்: வேனா, லோ-புரொஃபைலா, ஓவர்கேபா?

முதல் மோட்டார்ஹோம், அதாவது ஓட்டிப்போகும் வீட்டு வண்டி, தேடுபவர்கள் வண்டிக்குள் ஏறியதும் பெரும்பாலும் சமையல் மேடையைத்தான் பார்க்கிறார்கள். அப்புறம் சோபா, விளக்குகள், டிவி மாட்டும் இடம். விற்பவருக்கும் இது தெரியும், அங்கேதான் வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருப்பார். என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியவை இரண்டே: ராத்திரி படுக்கை எப்படி அமைகிறது, வண்டி எவ்வளவு எடை தாங்கும். திரைச்சீலை பிடிக்கவில்லையென்றால் மாற்றிவிடலாம். படுக்கையின் நீளத்தையும் அச்சின் தாங்குதிறனையும் வாங்கிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

வகைகளை முதலில் பிரித்துக்கொள்வோம். சரக்கு வேனின் இரும்பு உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் வீடாக்கினால் அது கேம்பர்வேன். டிரைவர் கேபினை விட்டுவைத்து, பின்னால் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் தனிப் பெட்டி கட்டினால் கோச்பில்ட். அதில் கூரை தாழ்வாக இருந்தால் லோ-புரொஃபைல், டிரைவர் தலைக்கு மேல் படுக்கை துருத்திக்கொண்டு நின்றால் ஓவர்கேப். கேபினும் இல்லாமல் முகப்பிலிருந்து பின்பக்கம் வரை ஒரே பெட்டியாகக் கட்டியது ஏ-கிளாஸ். வட அமெரிக்காவில் கிளாஸ் ஏ, பி, சி என்பார்கள். எழுத்து வரிசைக்கும் அளவுக்கும் அங்கே சம்பந்தமில்லை: ஏ பெரியது, பி சிறியது, சி இடைப்பட்டது. விளம்பரங்களைப் புரட்டும்போது இது குழப்பும், அதனால்தான் சொல்கிறேன்.

வேனும் லோ-புரொஃபைலும்

இரண்டு பேர் போவதாக இருந்தால் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஐரோப்பிய கேம்பர்வேன்களில் ஏராளமானவை ஃபியட் டுகாட்டோ வேனில் கட்டப்பட்டவை. 2006-இல் வந்த அதன் உடம்பு கிட்டத்தட்ட நேர்ச்சுவர் கொண்ட பெட்டி; வெளி அகலம் 2.05 மீட்டர். அதனால் பின்பக்கம் குறுக்கே படுக்கை போட முடிகிறது, நீளம் மிச்சமாகிறது. மெர்சிடிஸ் ஸ்பிரின்டரின் உடம்பு குறுகல் என்பதால், குறுக்குப் படுக்கை வேண்டுமானால் பக்கச் சுவரைச் சற்று வெளியே பிதுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது. டுகாட்டோவில் அதிகம் விற்கும் நீளங்கள் 5.41, 5.99, 6.36 மீட்டர். இந்தக் கடைசி இரண்டுக்கும் உள்ள 37 சென்டிமீட்டர் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் இரண்டு ஒற்றைப் படுக்கைகளை நீளவாக்கில் போட முடியுமா, இல்லை குறுக்கே ஒரே படுக்கையில் இருவரும் படுக்க வேண்டுமா என்பது அதில்தான் தீர்மானமாகிறது.

குறுக்குப் படுக்கையின் சங்கடம் இரண்டு. சுவருக்கு உறையும் வெப்பக் காப்பும் போட்ட பிறகு மிஞ்சும் நீளம் 1.80 மீட்டருக்கு மேல் உயரமானவருக்குப் போதாது. காலை மடக்கியே தூங்க வேண்டும். உள்பக்கம் படுத்தவர் நடுராத்திரி எழுந்தால் மற்றவர்மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். ஒரு வாரத்துக்குச் சிரிப்பாக இருக்கும். வருஷக்கணக்கில் போகப்போகிறவர்கள் கூடுதல் நீளத்துக்குப் பணம் கொடுப்பதே மேல்.

லோ-புரொஃபைலில் இந்தத் தகராறு இல்லை. பெட்டியின் அகலம் 2.3 மீட்டர் அளவுக்குப் போய்விடும், நீளம் 7 மீட்டரை ஒட்டி இருக்கும். நடுவே கட்டில் போட்டு இரண்டு பக்கமும் நடக்கலாம், குளிக்கும் இடம் கழிப்பறையிலிருந்து தனியாக இருக்கும். குளிர்காலத்திலும் இதுதான் சுகம். வேனின் இரும்பு விலா எலும்புகள் வழியாகக் குளிர் உள்ளே வந்து, காலையில் நீர் வழியும். அதோடு பக்கக் கதவை ஒருமுறை முழுதாகத் திறந்தால் உள்ளே இருந்த சூடு அத்தனையும் போய்விடும். அந்தச் சறுக்குக் கதவு போடும் சத்தமும் சாதாரணமல்ல. ராத்திரி கழிப்பறைக்கு எழுந்தவர் காற்று வாங்க வெளியே போனால் பக்கத்து வண்டியில் இருப்பவரும் விழித்துக்கொள்வார்.

அப்படியிருந்தும் தினமும் ஊர் மாறுகிறவர்களுக்கு வேனைத்தான் சொல்வேன். பக்கக் கண்ணாடிகளின் அகலத்தையும் சேர்த்தால் லோ-புரொஃபைல் சின்ன ரோட்டில் எதிரே வரும் லாரியிடம் ஒதுங்க இடம் கேட்கும். பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதி, திரும்பும்போது எதிர்ப்பக்கம் வீசி அடிக்கும். முதல் வண்டி ஓட்டுபவர்கள் தூணிலோ சுவரிலோ உரசுவது பெரும்பாலும் இந்தப் பின்மூலையைத்தான். வேன் பழைய தெருவுக்குள் நுழையும், சாதாரண கார் நிறுத்தும் இடத்தில் கொஞ்சம் பின்னால் நீட்டிக்கொண்டாவது நிற்கும். ஒரே இடத்தில் மூன்று நான்கு நாள் தங்கி, பக்கத்து ஊருக்கு சைக்கிளில் போகிற ஆட்களுக்கு லோ-புரொஃபைல் சரி.

இன்னொரு குறிப்பு. தடுப்புக் கம்பி 2 மீட்டரில் இருக்கும் பார்க்கிங்குக்குள் மேலே சொன்ன எதுவும் போகாது. அங்கே போகவேண்டும் என்றால் தூக்கும் கூரை கொண்ட சிறிய வண்டிதான் வழி. ஃபோக்ஸ்வாகன் டி6 கலிஃபோர்னியாவின் உயரம் 1.99 மீட்டர். வீட்டில் அன்றாடக் காராகவும் அதை ஓட்டலாம். ஆனால் அவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் நிலையான கழிப்பறை கிடையாது. மழையில் துணிக் கூரையோடு இரண்டு நாள் அடைந்து கிடக்க மனம் ஒப்புமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓவர்கேப், ஏ-கிளாஸ்

குழந்தைகள் இருந்தால் ஓவர்கேப். யோசிக்கவே வேண்டாம். மேல்படுக்கை எப்போதும் விரித்தபடி இருக்கும். சாப்பிட்ட மேசையை மடக்கி ராத்திரி பத்து மணிக்குக் கட்டில் செய்கிற வேலை மிச்சம். பார்க்க அழகில்லை என்பதால் பலர் ஒதுக்குகிறார்கள். அதனாலேயே கொடுத்த காசுக்கு நிறைய இடம் கிடைக்கிறது. நெற்றி பெரிதாக இருப்பதால் காற்றில் தள்ளாடும், எரிபொருள் கொஞ்சம் கூடும். கவனிக்க வேண்டியது அந்த நெற்றியின் மூட்டுகளை. பழைய ஓவர்கேப்களில் தண்ணீர் முதலில் புகும் இடம் அதுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆறு பேர் படுக்கலாம் என்று போட்டிருப்பார்கள், சீட் பெல்ட் நான்குதான் இருக்கும். படுக்கைக் கணக்கையும் பெல்ட் கணக்கையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஏ-கிளாஸில் முன்கண்ணாடி திரையரங்கம் மாதிரி. ஓட்டும் இடத்துக்கு மேலிருந்து இறங்கும் கட்டிலும் அருமை. ஆனால் அந்தக் கண்ணாடி உடைந்தால் வேன் கண்ணாடிபோல எந்த ஒர்க்ஷாப்பிலும் கிடைக்காது. முகப்புப் பகுதிகள் அந்த மாடலுக்கென்றே செய்தவை. முதல் வண்டியில் நிச்சயம் எங்காவது இடிப்போம். அதனால் இதை இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

எடைக் கணக்கு

விற்பனைத் தாளில் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும் இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஐரோப்பிய மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை 3,500 கிலோவுக்குள் பதிவாகின்றன, சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டுவதற்காக. அதைத் தாண்டினால் உரிமம், வேக வரம்பு, சுங்கம் எல்லாம் மாறலாம், ஆஸ்திரியாவில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு நெடுஞ்சாலையில் ஓடும் தூரத்துக்குத் தக்கபடி சுங்கம். வண்டி தேடும் முன்பே உங்கள் உரிமம் எதுவரை செல்லும் என்று எடுத்துப் பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாளில் ஓட்டத் தயார் நிலை எடை 3,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதில் 75 கிலோ டிரைவரும், தொட்டியில் 90 சதவீத எரிபொருளும் அடக்கம். தண்ணீரைப் பல தயாரிப்பாளர்கள் 20 லிட்டர் அளவுக்கே கணக்கில் சேர்க்கிறார்கள். ஆக 3,500-இல் மீதம் 450 கிலோ. துணைக்கு வருபவர் 75 போனால் 375. 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால் கூடுதலாக 80. பக்கவாட்டுப் பந்தல் 30, இரண்டு மின்சைக்கிளும் மாட்டும் சட்டமும் 65, கூடுதல் ஈய பேட்டரி 25, சோலார் பலகை 10. இவை சேர்ந்து 210. மிச்சம் 165 கிலோ. துணிமணி, பாத்திரம், சாப்பாடு, நாற்காலி, மேசை எல்லாம் இதற்குள்தான்.

சரி, இது போதுமே என்று தோன்றும். ஐரோப்பிய விதிப்படி தாளில் உள்ள எடைக்கும் உண்மை எடைக்கும் 5 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம். 3,050-க்கு 5 சதவீதம் என்றால் 152 கிலோ. நம் துரதிர்ஷ்டம், வண்டி கனமான பக்கம் வந்துவிட்டால் மிஞ்சுவது 13 கிலோ. ஒரு பெட்டித் துணிக்கே அது சரியாகப் போகும்.

விதி குறைந்தபட்ச சாமான் எடை என்று ஒன்று வைத்திருக்கிறது: ஆட்களின் எண்ணிக்கையோடு வண்டி நீளத்தைக் கூட்டிப் பத்தால் பெருக்க வேண்டும். நான்கு பேர், 7 மீட்டர் வண்டி என்றால் 110 கிலோ. நான்கு பேரின் உடைமை, உணவு, விளையாட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் அது எந்த மூலைக்கு? ஆகவே செகண்ட் ஹேண்ட் வண்டியாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் எடை மேடைக்கு ஓட்டிப் போய், முழு எடையும் பின்அச்சின் எடையும் தனித்தனியாக வாங்குங்கள். பின்னால் தொங்கும் சைக்கிள் நெம்புகோல்போல வேலை செய்கிறது: பின்அச்சில் தன் எடைக்கு மேல் அழுத்தும், முன்பக்கத்தைத் தூக்கும். முன்சக்கர இயக்க வண்டி ஈரப் புல்லில் அப்புறம் சும்மா சுழன்றுகொண்டு நிற்கும்.

இந்தக் கணக்கில் வேன், லோ-புரொஃபைலை அடிக்கடி ஜெயிக்கிறது. அதே சேஸிஸ், அதே 3,500. ஆனால் பெரிய பெட்டியின் எடையே அதில் அதிகப் பங்கைத் தின்றுவிடுகிறது.

உள்ளே இருக்கும் சாதனங்கள்

ஃப்ரிட்ஜ் விஷயத்தில் இரண்டு கட்சி. அப்சார்ப்ஷன் வகை கேஸிலும் ஓடும், சத்தமே இல்லை, மின் இணைப்பு இல்லாத இடத்தில் நாள்கணக்காக நிற்கலாம். ஆனால் வண்டி சமமாக நிற்க வேண்டும், கடும் வெயிலில் திணறும். கம்ப்ரசர் வகை வெயிலில் சளைக்காது, சாய்வையும் பொருட்படுத்தாது, பேட்டரியை உறிஞ்சும். வெப்ப ஊர்ப்பக்கம் போகிறவர் கம்ப்ரசரும் லித்தியம் பேட்டரியும் வைத்துக்கொள்ளட்டும். ஈய பேட்டரியில் பாதிக்குமேல் வடிக்கக்கூடாது, லித்தியத்தில் பெரும்பகுதியையும் எடுக்கலாம், எடையும் பாதிதான்.

கேஸ் வாங்கும்போது குளிர்ப் பிரதேசத்துக்குப் புரொப்பேன். பியூட்டேன் உறைநிலையை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். கழிப்பறைக்குக் காசெட் தொட்டி (கழற்றி எடுத்துக் கொட்டும் வகை) போதும். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாளில் நிறையும். கொட்டும் வேலை யாருடையது என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

புதியதா, பழையதா

புதிய வண்டி முதல் வருஷங்களில்தான் மதிப்பை வேகமாக இழக்கிறது. முதல் தேர்வு பெரும்பாலும் கடைசித் தேர்வாக இருப்பதில்லை. இரண்டு வருஷத்தில் வேறு அமைப்பு வேண்டும் என்று தோன்றும். அந்த இழப்பை முந்தைய சொந்தக்காரர் ஏற்கனவே சுமந்துவிட்ட, நான்கைந்து வயது வண்டிக்கே என் ஓட்டு. அதற்கும் முன்னால் மனதில் இருக்கும் அதே வகையை நான்கைந்து நாள் வாடகைக்கு எடுத்து, முடிந்தால் மழைக்காலத்தில், ஓட்டிப் பாருங்கள். வாடகை வீணல்ல. கடையில் பார்க்கும்போதும் வெட்கப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் சேர்ந்து பத்து நிமிஷம் படுங்கள். கழிப்பறையில் கதவைச் சாத்தி உட்காருங்கள். ஒருவர் அடுப்பருகே நிற்க, மற்றவர் கடந்து போகட்டும்.

பழைய வண்டியின் பெரிய எதிரி ஓதம். ஜன்னல் மூலை, கூரை விளிம்பு, அலமாரியின் உள்மூலை எல்லாவற்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்றிருந்தால் கிளம்பிவிடலாம். ஈரமானி வைத்துச் சோதித்த அறிக்கை வருஷாவருஷம் இருக்க வேண்டும். 15 சதவீதத்துக்குள் நல்லது, 20-ஐத் தாண்டினால் காரணம் கேட்க வேண்டும். உள்ளே கமகமவென்று வாசனைத் திரவம் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. இவ்வண்டிகள் பாதி நாள் நின்றுகொண்டிருப்பதால் மேற்பரப்பு புதிதாக இருக்கும்போதே ரப்பர் முதிர்ந்துவிடும். ஓடிய தூரம் குறைவு என்று சொல்லி இன்ஜினின் டைமிங் பெல்ட்டை மாற்றாமல் விட்டிருப்பார்கள். அதற்கு வயது வரம்பும் உண்டு.

வண்டி பார்க்கப் போகும் நாளில் இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள். கேஸ், தண்ணீர், பேட்டரி மூன்றையும் போட்டு ஹீட்டர், வெந்நீர், ஃப்ரிட்ஜ், தண்ணீர்ப் பம்பு ஒவ்வொன்றையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். "இன்றைக்கு கேஸ் தீர்ந்துபோச்சு" என்று பதில் வந்தால், கேஸ் வாங்கிய பிறகு கூப்பிடச் சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.