சி.சி.கே-8: சல்பேட் உள்ளதா, இல்லாததா?

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஆய்வு செய்யும் மாணவர்கள் கோலிசிஸ்டோகைனின் (சுருக்கமாக சி.சி.கே) என்ற குடல் ஹார்மோனின் சிறு துண்டான சி.சி.கே-8 பெப்டைடை வாங்கும்போது முதலில் பார்ப்பது விலையைத்தான். சல்பேட் இல்லாதது பொதுவாக மலிவு. ஆனால் பித்தப்பை சுருங்குவதையோ கணைய நொதி சுரப்பதையோ அளக்கப் போகிறீர்கள் என்றால், அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

இரண்டிலும் அதே 8 அமினோ அமிலங்கள், அதே வரிசை. டைரோசினில் ஒட்டியிருக்கும் ஒரு சல்பேட்தான் வித்தியாசம். பித்தப்பையையும் கணையத்தையும் இயக்கும் சி.சி.கே-1 ஏற்பிக்கு (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) அது கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பிணைப்புத்திறன் நூற்றுக்கணக்கான மடங்கு சரிந்துவிடும். மூளையிலும் இரைப்பையிலும் அதிகமுள்ள சி.சி.கே-2 ஏற்பி அவ்வளவு கறார் இல்லை, இரண்டையும் ஏற்கும். அதனால் இரண்டையும் ஒரே திசுவில் சோதித்தால், எந்த ஏற்பி வேலை செய்கிறது என்ற துப்பு கிடைக்கும். மலிவானதை இப்படி ஒப்பீட்டுக்காக வாங்குவதை மனதார ஆதரிக்கிறேன்.

சல்பேட் உள்ளதை அமிலக் கரைசலில் போட்டு வைக்காதீர்கள், சல்பேட் கழன்றுவிடும். இதிலுள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைவது இரண்டுக்கும் பொதுவான தொல்லை. நம் பகுதியில் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பத்துக்கு வந்தபிறகே திறங்கள்.