பல் முரசில் இரத்தம் வடிந்தால் குளிசைக் கவரோடு வீட்டுக்கு வராதீர்கள்

கல்முனைப் பக்கம் ஒரு தனியார் பல் கிளினிக்கில் நடந்தது இது. போனவருக்கு ஐம்பது வயதுக்கு மேல், சீனி வருத்தமும் உண்டு. பல் தீட்டும்போது இரத்தம், வாய் நாற்றம், கீழ் முன்பல் இரண்டு ஆட்டம். டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு அமொக்சிசிலின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு அன்டிபயோட்டிக் குளிசைகளை மூன்று நாளுக்குக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். இரத்தம் நின்றது, கொஞ்ச நாளில் திரும்பியது. திரும்பவும் அதே கவர். கடைசியில் அந்த இரண்டு பல்லையும் கழற்ற வேண்டி வந்தது.

முரசுக்குக் கீழே, பல்வேரில் கிருமிகள் வழுவழுப்பான படலமாய் ஒட்டியிருக்கும். அது இறுகிக் கறுத்த காரையாகும். அதைச் சுரண்டி எடுக்காமல் எந்தக் குளிசை விழுங்கினாலும் மருந்து படலத்துக்குள் சரியாக இறங்காது. வீக்கம் மட்டும் வற்றும். ஆள் சுகமென்று நினைத்திருக்க, உள்ளே எலும்பு கரைந்துகொண்டே போகும். சீனி கூடிய உடம்பில் இன்னும் வேகமாக.

முறையாகப் பார்ப்பவர் மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் ஆழம் அளப்பார். மூன்று மில்லிமீற்றர் வரை பயமில்லை. நாலும் அதற்கு மேலும் என்றால் முரசுக்கும் பல்லுக்கும் நடுவே பை விழுந்துவிட்டது. எலும்பு பார்க்க எக்ஸ்ரே. பிறகு விறைப்பூசி போட்டு வேர்வரை சுத்தம் செய்வார், சுமார் மூன்று மாதத்தில் திரும்ப அளப்பார். கம்பியே வைக்காமல் மருந்து எழுதினால் எழும்பி வந்துவிடுங்கள்.

இந்த முரசு நோய் உள்ள பெரும்பாலானோருக்கு அன்டிபயோட்டிக் தேவையே இல்லை. எல்லோருக்கும் வழமையாகக் கொடுக்கக் கூடாதென்று 2020இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டியும் சொல்கிறது. இளவயதில் வேகமாக எலும்பு கரைகிறவர்கள் போன்ற சிலருக்குத்தான், அதுவும் சுத்தம் செய்வதோடு சேர்த்து: அமொக்சிசிலின் 500 மில்லிகிராம், மெட்ரோனிடசோல் 400, நாளுக்கு மூன்று வேளை, பெரும்பாலும் 7 நாள். இதைப் பார்த்து பாமசியில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். பென்சிலின் ஒவ்வாதவருக்கு அமொக்சிசிலின் உயிராபத்து. இருதய வருத்தத்துக்கு வாபரின் என்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவருக்கு மெட்ரோனிடசோல் சேர்ந்தால் இரத்தம் உறையாமல் கசியலாம். அந்தக் கிளினிக்கில் இந்த இரண்டில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. மெட்ரோனிடசோல் எடுக்கும்போது மதுவும் ஆகாது.

காசில்லையென்று தள்ளிப்போட வேண்டாம்; அரச வைத்தியசாலைப் பல் பிரிவில் இலவசமாகப் பார்ப்பார்கள். முகம் வீங்கிக் காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால் கிளினிக் நேரம் பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.