க்ரோமாட்டிக் சுரங்களோடு ஐந்து வருடம்: எது தங்கியது, எது உதிர்ந்தது

ஜாஸ் கிட்டார் சொலோவில் க்ரோமாட்டிக் சுரங்களை, அதாவது ஸ்கேலில் (சுரவரிசையில்) இல்லாத அரைச்சுர இடைச்சுரங்களை, சேர்க்கத் தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. முதல் மாதம் கேட்டிருந்தால் ஆஹா ஓஹோ என்று சொல்லியிருப்பேன். இரண்டாம் வருடம் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். இப்போதுதான் நிதானமாகப் பேச முடிகிறது.

தொடங்கிய காரணம் எளிது. டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்று கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) வந்தால் எந்த ஸ்கேல் என்று கைக்குத் தெரியும். தப்பு வராது. ஆனால் பதிவு செய்து கேட்டால் பயிற்சிப் பாடம் மாதிரி இருக்கும், ஜாஸ் மாதிரி இருக்காது. 1939-இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனின் குழுவில் சேர்ந்து, 1942-இல் வெறும் 25 வயதில் இறந்துபோன கிட்டார்காரர் சார்லி கிறிஸ்டியனை அப்போதுதான் கூர்ந்து கேட்டேன். கார்ட் சுரத்துக்கு நேராகப் போகாமல், அரைச்சுரம் கீழிருந்து உரசிக்கொண்டு வந்து சேர்கிறார். இதுதான் விஷயம் என்று நினைத்தேன். பாதி சரிதான்.

கிட்டாரில் இது ஆபத்தான அளவுக்குச் சுலபம். ஒரு ஃப்ரெட் என்பதே ஓர் அரைச்சுரம். நான்கு விரலை வரிசையாக வைத்தால் நான்கு க்ரோமாட்டிக் சுரம் தயார். யோசிக்கவே வேண்டாம், நானும் யோசிக்கவில்லை. பல மாதம் அப்படியே வழுக்கிக்கொண்டிருந்தேன். ஜாஸ் கிட்டார்காரர் பேட் மார்ட்டினோவின் நீண்ட வரிகளைக் கேட்டுவிட்டு அதுபோல ஓடுவதாக வேறு நினைப்பு. ஒருநாள் உடன் வாசித்த பேஸ்காரர் பாட்டு முடிந்ததும் கேட்டார்: "ஏம்ப்பா, கார்ட் மாறுறது உனக்குக் கேக்குதா, இல்லையா?" கேட்டது. ஆனால் என் வாசிப்பில் அது தெரியவில்லை.

கோளாறு சுரத்தில் இல்லை, அது விழுந்த இடத்தில் இருந்தது. ஜி 7 மேல் ஸ்கேலை மட்டும், ஒரு பீட்டுக்கு (தாளத் தட்டுக்கு) இரண்டு சுரம் வீதம், இறக்குங்கள்: ஜி, எஃப், ஈ, டி, சி, பி, ஏ. பீட்டில் விழுபவை ஜி, ஈ, சி, ஏ. ஜி-யைத் தவிர மற்றவை கார்டில் இல்லாதவை. இப்போது ஜி-க்கும் எஃப்-க்கும் நடுவில் எஃப் ஷார்ப்பைச் செருகுங்கள். பீட்டில் ஜி, எஃப், டி, பி விழும். முழு கார்டும் அப்படியே! ஒரே ஒரு வெளிச்சுரம் சேர்ந்ததும் கார்ட் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது. பீபாப் என்ற ஜாஸ் பாணியின் பெயரால் பீபாப் ஸ்கேல் என்று இதைச் சொல்வார்கள். பெயரைப் பல வருடமாகத் தெரியும்; எட்டு சுரம் எதற்கு என்பது இரண்டாம் வருடம்தான் உறைத்தது. அதே எஃப் ஷார்ப்பை பீட்டில் வைத்து நீட்டிப் பாருங்கள், பேஸ்காரர் திரும்பிப் பார்ப்பார்.

அதற்கப்புறம் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை இரண்டாம், நான்காம் பீட்டில் மட்டும் தட்டவிட்டு, வேகம் 60-க்கு மேல் ஏற்றாமல் ஆறு மாதம் உட்கார்ந்தேன். சலிப்பான வேலைதான். இந்த ஐந்து வருடத்தில் பலன் தந்த காலமும் அதுதான்.

எனக்கு அதிகம் உழைத்தது சுற்றி வளைத்து வருகிற உத்தி. சி மேஜர் 7-இன் மூன்றாம் சுரமான ஈ இரண்டாம் தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஜி 7-இன் நான்காம் பீட்டில் ஆறாம் ஃப்ரெட் எஃப், அடுத்த அரை பீட்டில் நான்காம் ஃப்ரெட் டி ஷார்ப், அடுத்த முதல் பீட்டில் ஈ. டி ஷார்ப்பை பிக்கால் (தந்தி மீட்டும் சில்லால்) அடித்து, அதே விரலை ஈ-க்கு ஸ்லைட் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும். சாக்ஸபோன்காரர்கள் ஆஃப்பீட்டில் (இரண்டு பீட்டுக்கு நடுவில்) நாக்கு வைத்து அடுத்த பீட்டை அதே மூச்சில் இழுப்பார்களே, கிட்டத்தட்ட அந்தச் சாயல் வரும். எல்லாச் சுரத்தையும் பிக்கால் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் என் வாசிப்பு தட்டச்சு மாதிரி இருந்தது.

குறைகளும் உண்டு. முதலில் கிட்டாரின் அமைப்பு. ஐந்தாம் ஃப்ரெட்டில் விரலை வைத்து மூன்றாம் தந்தியிலிருந்து இரண்டாம் தந்திக்கு ஏறினால் நான்கு விரலும் கச்சிதமாகப் போதும். மற்ற தந்திகளுக்கு இடையே ஐந்து அரைச்சுரம், விரலோ நான்கு. எங்காவது ஒரு விரலை நகர்த்தியே ஆக வேண்டும். வேகமான பாட்டில் அந்த நகர்வில்தான் இன்றும் பீட் சறுக்குகிறது.

இரண்டாவது, பழக்க தோஷம். அந்த எஃப், டி ஷார்ப், ஈ என் கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது. ஒரே சொலோவில் ஐந்து முறை வந்ததைப் பதிவில் எண்ணிவிட்டு வெட்கப்பட்டேன். மெதுவான பாலடில் இன்னும் மோசம். அங்கே ஒவ்வொரு சுரமும் நெடுநேரம் நிற்பதால் வெளிச்சுரம் அழகாக உரசாமல், துருத்திக்கொண்டு நிற்கும். பாலடில் இப்போது அநேகமாக விட்டுவிட்டேன். அப்படியே வந்தாலும் ஒரு சொலோவுக்கு ஒன்றிரண்டுதான்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைப் பரிந்துரைப்பேனா? கார்ட் சுரங்களை மட்டும் வைத்து ஒரு பாட்டை முழுதாக, கூட யாரும் வாசிக்காமல், கார்ட் மாறுவது தெரியும்படி வாசிக்க முடிந்தால் தாராளமாகத் தொடங்கலாம். முடியாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். நான் அதைச் செய்யாமல் நேராகக் குதித்ததால் ஒன்றரை வருடம் போயிற்று. இந்த மாதம் ஏழாவது தடவையாக நான்காம் தந்தியிலிருந்து மூன்றாம் தந்திக்கு ஏறுகிற அந்த நகர்வை வேகம் 80-இல் பழகிக்கொண்டிருக்கிறேன். சுண்டுவிரல் ஒன்பதாம் ஃப்ரெட்டுக்கு வழுக்கும்போது, பத்துக்கு மூன்று முறை இன்னும் தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது.